பூக்காரம்மா கொண்டுவந்தது எத்தனை முழம்? ஒருபடிச் சமன்பாட்டுக்கு எந்த வழி நல்லது

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கணக்கு நோட்டை அவள் அம்மா போன வாரம் என்னிடம் எடுத்துவந்தார். விரித்த பக்கத்தில் இந்தக் கேள்வி: "பூக்காரம்மா 18 முழம் பூ விற்றார். 14 முழம் மீதி இருக்கிறது. காலையில் கொண்டுவந்தது எத்தனை முழம்?" கீழே வேறெதுவும் எழுதாமல் 32 என்று மட்டும் போட்டு, இரண்டு கோடு இழுத்து முடித்திருந்தாள். மூன்று மார்க்கில் ஒரு மார்க்.

"ஆன்ஸர் கரெக்ட்டுதானே டீச்சர்? எக்ஸ் வச்சுத்தான் போடணும்னா, எந்த மெத்தட்ல போடச் சொல்றது? ஸ்கூல்ல ஒண்ணு சொல்றாங்க, அவங்கப்பா ஒண்ணு சொல்றார். இவ ரெண்டையும் கேட்டுட்டு முழிக்கிறா."

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "கண்டக்டரிடம் 50 ரூபாய் கொடுத்ததும் டிக்கெட்டோடு 13 ரூபாய் மீதி கொடுத்தார். டிக்கெட் எவ்வளவு?" அதற்கும் ஒரே எண்தான்: 63. ஐம்பது ரூபாய் கொடுத்து அறுபத்துமூன்று ரூபாய்க்கு டிக்கெட் வாங்கியிருக்கிறாள், மீதி வேறு கிடைத்திருக்கிறது.

இந்தக் கேள்வி வருஷா வருஷம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் என்னிடம் வந்துவிடும். ஒரே படியில் தீர்கிற சமன்பாட்டுக்கு ஐந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஐந்தும் சரியான விடைக்குத்தான் கொண்டுபோகும். எந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. (பாடநூலில் எக்ஸ் என்று வருவதை இங்கே 'ப' என்று எழுதுகிறேன். எந்த எழுத்தாக இருந்தாலும் அது தெரியாத ஓர் எண்ணுக்கு விட்டுவைத்த இடம்தான்.)

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதலாவது, கதையை வாக்கியமாக்க அந்த வழி உதவுகிறதா? என் கணக்கில் பாதி எடை இதற்கே. ப − 18 = 14 என்று எழுதிவிட்டால் தீர்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட வேண்டாம். பிள்ளைகள் தவறுவது அதற்கு முந்தைய வரியில்.

அடுத்து, எண் கரடுமுரடானால் தாங்குமா? தசமம், பின்னம், குறை எண் வந்ததும் சில வழிகள் படுத்துவிடும். மூன்றாவது, திருத்துகிறவர் கண்ணுக்குப் படிகள் தெரியுமா? நான்காவது, அடுத்த வகுப்பில் 5ப = 2ப + 12 என்று இரண்டு பக்கமும் 'ப' வரும்போது அதே வழி கைகொடுக்குமா, இல்லை முதலிலிருந்து தொடங்கவேண்டுமா? ஐந்தாவது, கற்றுக்கொள்ள எத்தனை நாள்?

எல்லா வழியையும் இந்த நான்கு கணக்குகளில் உரசிப் பார்க்கலாம்:

- பூ: ப − 18 = 14
- நோட்டு: ஒரே விலையில் 7 நோட்டு ₹199.50. அதாவது 7ப = 199.50
- தொட்டி: மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியபோது 500 லிட்டர். அதாவது 2ப/3 = 500
- டிக்கெட்: 50 − ப = 13

## பட்டியலில் சேர்க்காத ஒரு வழி

"மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி, மடங்குன்னா பெருக்கு, தலைக்குன்னா வகு." இதை நானே பல வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சுவரில் கலர் கலராக சார்ட் எழுதி ஒட்டியும் வைத்திருந்தேன். மூன்றாம் வகுப்புவரை அது நன்றாகவே ஓடும், ஏனென்றால் அங்கே கேள்விகள் அப்படித்தான் அமைந்திருக்கும்.

பூக்காரம்மா கணக்கைப் பாருங்கள். 'விற்றார்', 'மீதி' என்று கழித்தலுக்கான சொற்கள் இரண்டு இருக்கின்றன. போடவேண்டியதோ கூட்டல். சார்ட்டை நம்பிய ஒரு பையன் 18 − 14 = 4 என்று எழுதினான். காலையில் நாலு முழம் கொண்டுவந்த அம்மா பதினெட்டு முழம் விற்றது எப்படி என்று கேட்டதற்கு, "சார்ட்ல அப்படித்தான் மிஸ் இருக்கு" என்றான். அன்றைக்கே கிழித்துப்போட்டேன். சொல்லைப் பார்த்துச் செயலைத் தேர்கிற பிள்ளை கதையைப் படிப்பதே இல்லை.

## 1. போட்டுப் பார்ப்பது

20 போட்டால் 20 − 18 = 2, போதாது. 30 போட்டால் 12, நெருங்கிவிட்டது. 32 போட்டால் 14. முடிந்தது.

இதைக் குருட்டு வழி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். போட்டுப் பார்க்கிற பிள்ளைக்குக் கதை புரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாப்பிரஸ் சுருள் ஒன்றில் இதே வழி கெட்டிக்காரத்தனமாக வருகிறது. ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19. அந்த அளவு என்ன? முதலில் 7 என்று வைக்கிறார்கள். 7 + 1 = 8. வேண்டியது 19. எட்டை எத்தனையால் பெருக்கினால் 19 வருமோ, அதே எண்ணால் ஏழைப் பெருக்குகிறார்கள். விடை 16⅝.

நம் தொட்டிக் கணக்குக்கும் இது பொருந்தும். தொட்டியே 3 லிட்டர்தான் என்று வைத்துக்கொண்டால், மூன்றில் இரண்டு பங்கு 2 லிட்டர். வேண்டியது 500, அதாவது 250 மடங்கு. அப்படியானால் தொட்டி 750 லிட்டர். பின்னத்தைக் கண்டாலே பயப்படுகிற பிள்ளைக்கு இது நல்ல மருந்து.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம். நோட்டுக் கணக்கில் 28 போட்டால் 196, 29 போட்டால் 203. முழு எண்ணுக்கு நடுவில் விடை ஒளிந்திருக்கிறது என்று தெரிந்ததும் பாதிப் பிள்ளைகள் "கேள்வியே தப்பு" என்று பேனாவை மூடிவிடுவார்கள். விடைத்தாளிலும் இந்த முயற்சியெல்லாம் ரஃப் ஓரத்தோடு போய்விடும்.

## 2. பின்னாலிருந்து வருவது

கதையைத் திருப்பி ஓட்டுவது. விற்றதைத் திரும்பக் கூடையில் போட்டால் காலையில் இருந்தது வந்துவிடும்: 14 + 18. பெருக்கியிருந்தால் வகு, வகுத்திருந்தால் பெருக்கு. 499-இல் எழுதப்பட்ட ஆரியபட்டரின் நூலில் இந்த விதி ஒரே சுலோகத்தில் இருக்கிறது: பெருக்கிகள் வகுத்திகளாகும், வகுத்திகள் பெருக்கிகளாகும், கூட்டியது கழிபடும், கழித்தது கூட்டப்படும்.

வேகத்தில் இதற்கு நிகரில்லை. நோட்டு, தொட்டி இரண்டும் இரண்டு வரியில் முடியும்: 199.50 ÷ 7 = 28.50; 500 × 3 ÷ 2 = 750. கெட்டிக்காரப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே இப்படித்தான் மனதில் போடுகிறார்கள். நோட்டோடு வந்த பெண்ணும் அப்படிப் போட்டவள்தான்.

அவள் சறுக்கிய இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பூக் கணக்கில் தெரியாத எண்ணிலிருந்து 18 போனது. போனதைத் திரும்பச் சேர்த்தால் சரியாகிவிடும். டிக்கெட் கணக்கில் தெரிந்த 50-இலிருந்து தெரியாதது போயிருக்கிறது. அதையும் 'கழித்தல்' என்று பார்த்து, 'கழித்ததைக் கூட்டு' என்று 13 + 50 போட்டுவிட்டாள். திரும்பச் சேர்க்கவேண்டியது டிக்கெட் விலையை. அதுதான் தெரியாதே! 72 லட்டை எத்தனை பேருக்குச் சமமாகக் கொடுத்தால் தலைக்கு 8 வரும் என்ற கணக்கிலும் இதே குழி உண்டு. 72 ÷ ப = 8 என்பதைத் திருப்பி 8 × 72 = 576 என்று போடுவார்கள். 576 பேருக்கு 72 லட்டு.

தெரியாத எண் கழிக்கும் இடத்திலோ வகுக்கும் இடத்திலோ உட்கார்ந்தால் பின்னோக்கிப் போகிற வழிக்குக் கண் தெரியாது. இது அதன் பெரிய மறைசெலவு. இரண்டு பக்கமும் 'ப' வந்துவிட்டால் பின்னால் போக ஒரு முனையே கிடையாது, வழி அங்கேயே நின்றுவிடும்.

## 3. அந்தப் பக்கம் கொண்டுபோவது

அப்பாக்களின் வழி இது. "இந்தப் பக்கம் மைனஸ், அந்தப் பக்கம் போனா ப்ளஸ்." ப = 14 + 18. எழுத வேகமானது, திருத்துகிறவருக்கும் பழகிய எழுத்து. ஒன்பது, பத்தாம் வகுப்பில் எல்லாரும் கடைசியில் வந்து சேர்கிற இடமும் இதுதான்.

ஏழாம் வகுப்பில் இதிலிருந்தே தொடங்கினால் என்ன ஆகிறது என்பதற்கு என்னிடம் ஒரு கட்டு விடைத்தாள் சாட்சி இருக்கிறது. 3ப = 12. மூன்றை அந்தப் பக்கம் கொண்டுபோகிறார்கள். ஒருவன் ப = 12 − 3 என்கிறான். இன்னொருத்தி ப = 12/−3 என்று எழுதி விடை −4 என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. 'போனால் குறி மாறும்' என்றுதானே சொன்னோம், மாற்றிவிட்டாள். ஏன் மாறுகிறது என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை.

எண் நடந்து போவதில்லை, இரண்டு பக்கமும் ஒரே வேலை நடக்கிறது என்று விளங்கிய பிறகு இதைச் சொல்லிக்கொடுத்தால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

## 4. தராசு

இரண்டு தட்டும் சமமாக இருக்கின்றன. ஒரு தட்டில் செய்ததை மறு தட்டிலும் செய்தால் சமம் கெடாது.

ப − 18 = 14
ப − 18 + 18 = 14 + 18
ப = 32

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி 'அல்-ஜப்ர்' என்று அழைத்தது ஏறக்குறைய இதைத்தான்: குறைந்திருக்கும் பக்கத்தை நிறைவாக்கி, அதே அளவை எதிர்ப்பக்கத்திலும் சேர்ப்பது. அல்ஜீப்ரா என்ற சொல்லே அங்கிருந்து வந்தது.

டிக்கெட் கணக்கை இது தடுமாறாமல் தீர்க்கும். 50 − ப = 13. இரண்டு பக்கமும் 'ப' சேர்த்தால் 50 = 13 + ப. இரண்டு பக்கமும் 13 எடுத்தால் 37 = ப. உண்மையில் இது இரண்டு படி. ஒருபடிக் கணக்குகளுக்கு நடுவே நைசாக நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு 5ப = 2ப + 12 வந்தாலும் இரண்டு தட்டிலிருந்தும் 2ப எடுத்தால் 3ப = 12, ப = 4. புதிதாக எதுவும் கற்கவேண்டாம்.

செலவு என்ன? இன்றைய பிள்ளைகள் பலர் இரண்டு தட்டுத் தராசைப் பார்த்ததே இல்லை. மளிகைக் கடையில் எண் ஒளிரும் மெஷின்தான். நான் துணி மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் நூல் கட்டி, பேப்பர் கப் தொங்கவிட்டு, புளியங்கொட்டை போட்டுக் காட்டுவேன். கொட்டைகள் ஒரே அளவில் இல்லாததால் ஹேங்கர் எப்போதும் லேசாகச் சாய்ந்தே நிற்கும். "மிஸ், சமமா இல்லையே" என்று ஒரு குரல் வராத வருஷம் இல்லை. கோலிக்குண்டு உத்தமம்.

இன்னொன்று, தராசால் கூட்டலையும் பெருக்கலையும் காட்டலாம். 'ப − 18' என்பதைத் தட்டில் எப்படி வைப்பது? அதனால் ஒரு வாரத்தில் ஹேங்கரைக் கழற்றிவிட்டு 'இரு பக்கமும் ஒரே செயல்' என்ற விதியை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். வரிகளும் அதிகம். அவசரக்காரப் பிள்ளைக்கு எரிச்சல் வரும்.

கதையை வாக்கியமாக்கத் தராசு எந்த உதவியும் செய்யாது. சமன்பாடு கையில் வந்த பிறகுதான் அதன் வேலை தொடங்கும்.

## 5. பட்டை

1980களில் சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளிகளில் புகுத்தப்பட்டு உலகெங்கும் பரவிய வழி. தெரிந்ததையும் தெரியாததையும் நீளப் பெட்டிகளாக வரைவது. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளும் சமன்பாட்டைத் தொடும் முன் இந்தப் பெட்டிகளில்தான் கைபழகுகிறார்கள்.

பூவுக்கு ஒரு நீளப் பட்டை. அதை இரண்டாக வெட்டி ஒன்றில் 18, மற்றதில் 14. மேலே முழு நீளத்துக்கும் 'ப'. கூட்டவேண்டும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. டிக்கெட்டுக்கு முழு நீளம் 50. உள்ளே ஒரு துண்டு 13, மற்றது 'ப'. 63 என்று எழுத இடமே இல்லை, துண்டு முழுசைவிட நீளமாக இருக்கமுடியாதே! தொட்டிக்கு மூன்று கட்டம். இரண்டில் 500, ஆகவே ஒன்றில் 250, மூன்றும் 750.

நான் மேலே சொன்ன பாதி எடை இங்கேதான் விழுகிறது. கதையைப் படிக்காமல் பட்டை வரைய முடியாது. 'கவினிடம் மீனாவைவிட 6 பென்சில் அதிகம். கவினிடம் 21. மீனாவிடம் எத்தனை?' என்றால் 27 என்று பாய்கிறவர்கள்கூட, யார் பட்டை நீளம் என்று கேட்டதும் நின்றுவிடுவார்கள்.

செலவும் இருக்கிறது. ஸ்கேல் வைத்து, ஸ்கெட்ச் பேனா எடுத்து, கலர் தீட்டி ஒரு கணக்குக்குப் பத்து நிமிஷம் ஆக்குவார்கள்; கோணல்மாணலாக வரைந்தால் போதும் என்று தினம் சொல்லவேண்டும். வெப்பநிலை 6 டிகிரி இறங்கி −2 ஆனது என்றால் (ப − 6 = −2) பட்டை கைவிரித்துவிடும். படத்தை மட்டும் போட்டுச் சமன்பாடு எழுதாவிட்டால் மார்க்கும் நிச்சயமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | கதையை வாக்கியமாக்க | கரடுமுரடான எண் | திருத்துகிறவர் கண்ணுக்கு | அடுத்த வகுப்பில் | கற்க |
|---|---|---|---|---|---|
| போட்டுப் பார்ப்பது | ஓரளவு | திணறும் | தெரியாது | விடை சரிபார்க்க மட்டும் | உடனே |
| பின்னாலிருந்து | ஓரளவு | தாங்கும் | பாதி | நின்றுவிடும் | ஓரிரு நாள் |
| அந்தப் பக்கம் | உதவாது | தாங்கும் | தெரியும் | கடைசிவரை | ஒரு நாள். தப்பைத் திருத்த மாதக்கணக்கில் |
| தராசு | உதவாது | தாங்கும் | நன்றாகத் தெரியும் | கடைசிவரை | ஒரு வாரம் |
| பட்டை | நன்றாக | குறை எண்ணில் படுக்கும் | படம் மட்டும் போதாது | கொஞ்ச தூரம் | இரண்டு வாரம் |

## தமிழில் ஒருமுறை

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லவேண்டும். 'ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்' என்று கேள்வி வந்தால், காதில் விழுந்த வரிசையில் 5 − ப என்று எழுதிவிடுவார்கள். அதையே 'ஓர் எண்ணைவிட 5 குறைவு' என்று சொல்லச் சொல்லுங்கள். எண் முதலில், ஐந்து அடுத்து, குறைவு கடைசியில்: ப − 5. நம் மொழியின் சொல் வரிசை இந்த இடத்தில் நமக்குச் சாதகம். எதற்கும் மசியாத ஸ்டேட்மென்ட் சம் ஒன்றைத் தமிழில் திரும்பச் சொல்ல வைத்தாலே பாதிப் பேர் தாங்களே எழுதிவிடுகிறார்கள்.

எந்த வழியாக இருந்தாலும் முதல் வரி 'ப என்பது பூ' என்று இருக்கக்கூடாது. 'ப என்பது காலையில் இருந்த முழங்களின் எண்ணிக்கை.' எழுத்தைப் பொருளின் பெயராக நினைப்பது சின்னப் பிள்ளைத்தனம் என்று எண்ணவேண்டாம். 1981-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 'பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள்' என்பதைச் சமன்பாடாக்கச் சொன்னபோது பொறியியல் மாணவர்களிலேயே பலர் ஆறைத் தவறான பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

## யாருக்கு எது

தேர்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கதை எதுவும் இல்லாமல் ப − 18 = 14 என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். தீர்த்துவிட்டால் சிக்கல் படிப்பதில் இருக்கிறது. பட்டைக்குப் போங்கள், இரண்டு வாரம் சமன்பாட்டைத் தீர்க்கவே விடாமல் வரைந்து எழுத மட்டும் வையுங்கள். தீர்க்கத் தெரியாமல் முழித்தால் தராசு.

மனதிலேயே விடை சொல்கிற பிள்ளையிடம் "எக்ஸ் போட்டுத்தான் ஆகணும்" என்று மல்லுக்கு நிற்காதீர்கள். டிக்கெட்டையும் லட்டையும் கொடுங்கள். மனக்கணக்கு உதைவாங்கும்போது எழுதவேண்டிய தேவை தானாகப் புரியும்.

நாளன்றைக்குத் தேர்வு என்றால் புதிதாக எதையும் தொடாதீர்கள். எந்த வழி தெரியுமோ அதையே எழுதி, கடைசியில் விடையைக் கதைக்குள் போட்டுப் பார்க்கப் பழக்குங்கள். ஒன்பதாம் வகுப்பு அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் அவர்கள் பக்கம் மாற்றட்டும், தங்கை தராசிலேயே இருக்கட்டும். அப்பாவிடமும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். ஒரே வீட்டில் 'அந்தப் பக்கம் போ' என்பதும் 'இரு பக்கமும் கூட்டு' என்பதும் சேர்ந்து ஓடினால் பிள்ளை இரண்டையும் கலந்து ஒரு மூன்றாவது வழி செய்துகொள்ளும்.

எனக்கென்று கேட்டால், வரைவது பட்டையில், தீர்ப்பது தராசில், சரிபார்ப்பது போட்டுப் பார்த்து. தராசு கைவந்து ஒரு மாதம் கழித்துப் பக்கம் மாற்றலாம்.

நோட்டோடு வந்த பெண்ணிடம் விதி எதையும் சொல்லவில்லை. டிக்கெட் கணக்குக்கு ஒரு பட்டை வரையச் சொன்னேன். நீளமாக இழுத்து 50 என்றாள். துண்டு போட்டு 13 எழுதினாள். மிச்சத் துண்டில் 63 எழுதப் போனவள் பென்சிலை நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். பிறகு ரப்பரைத் தேடினாள்.